சோம்பல் என்னும் ஒற்றைச் சொல்: செயற்கூறுவழி நிரலாக்க மொழிகளில் தேவைவழித் தொடர்களின் வரலாறு (1963–2022)

ஆய்வுச் சுருக்கம்

ஒரு தொடரின் உறுப்புகள் அனைத்தையும் முன்கூட்டியே கணக்கிட்டு வைக்காமல், கேட்கும்போது மட்டும் ஒவ்வொன்றாகக் கணக்கிட்டுத் தரும் முறை இன்று ஏறத்தாழ எல்லா நிரலாக்க மொழிகளிலும் இடம்பெற்றுள்ளது. செயற்கூறுவழி மொழிகளில் இது சோம்பல் தொடர் என்றும், பைத்தான் போன்ற மொழிகளில் ஜெனரேட்டர் என்றும் வழங்குகிறது. இவ்விரண்டும் ஒன்றே என்னும் கருத்தும், முற்றிலும் வேறானவை என்னும் கருத்தும் பாட அறைகளில் ஒருசேர நிலவுகின்றன. தள்ளிவைத்தல், நினைவிருத்தல், கட்டுப்பாட்டைக் கைமாற்றுதல் ஆகிய மூன்று தனித்தனிக் கருத்துகள் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு தேவைகளுக்காகத் தோன்றிப் பின்னர் ஒரே பெயரின் கீழ் வந்து சேர்ந்தன என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் நிறுவ முற்படுகிறது. அதன்வழி, தமிழில் இவற்றைச் சுட்டுவதற்கு மூவகைப் பாகுபாடு ஒன்றையும் முன்வைக்கிறது.

திறவுச் சொற்கள்: செயற்கூறுவழி நிரலாக்கம், தேவைவழி மதிப்பீடு, ஜெனரேட்டர், கோரூட்டீன், ஓடை, ஹாஸ்கெல், ஸ்கீம், ஓகேமல்.

முன்னுரை

கணினி நிரலாக்க மொழிகளின் வரலாறு பெரும்பாலும் மொழிகளின் பெயர்களையும் அவை வெளிவந்த ஆண்டுகளையும் அடுக்கிச் சொல்வதாகவே அமைந்துவிடுகிறது. ஒரு கருத்து எந்த இடர்ப்பாட்டைத் தீர்க்கப் பிறந்தது, பிறந்த இடத்திலிருந்து வேறோரிடத்திற்குச் சென்றபோது எதை இழந்தது, எதைப் பெற்றது என்னும் நோக்கில் எழுதப்பட்ட கட்டுரைகள் தமிழில் குறைவு. தமிழ்நாட்டின் மேல்நிலை இரண்டாம் ஆண்டுக் கணினி அறிவியல் பாடநூல் செயற்கூறு பற்றிய இயலுடன் தொடங்கிப் பைத்தான் மொழியைக் கற்பிக்கிறது. ஆகவே செயற்கூறுவழிச் சிந்தனையும் பைத்தானும் ஒரே நூலின்வழித் தமிழ் மாணவரைச் சென்றடைகின்றன. இவ்விரண்டும் சந்திக்கும் இடங்களுள் ஒன்றே தேவைவழித் தொடர். அவ்விடத்தின் வரலாற்றைத் தெளிவுறுத்துவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எடுத்துக்காட்டு ஒன்றைக் கொண்டு பொருளை வரையறுத்துக்கொள்ளலாம். இயலெண்களின் தொடர் முடிவற்றது. அதனை முழுவதுமாக நினைவகத்தில் எழுதிவைக்க இயலாது. ஆயினும், “1-ஐத் தலையாகக் கொண்டது, அதன் வால், 2-இலிருந்து தொடங்கும் இயலெண்களின் தொடர்” என்று அதனை வரையறுக்க இயலும். வால் என்பது கேட்கப்படும் வரையில் கணக்கிடப்படாத வாக்குறுதியாக நின்றால், இவ்வரையறையே நிரலாகவும் இயங்கும். இதுவே தேவைவழித் தொடரின் உள்ளமைப்பு. இங்கு மூன்று வினாக்கள் எழுகின்றன. வாக்குறுதி எவ்வாறு தள்ளிவைக்கப்படுகிறது? ஒருமுறை நிறைவேற்றப்பட்டபின் அதன் விடை நினைவில் இருத்தப்படுகிறதா? உறுப்பை ஆக்கும் பகுதியும் அதனை நுகரும் பகுதியும் கட்டுப்பாட்டைத் தம்முள் எவ்வாறு மாற்றிக்கொள்கின்றன? இம்மூன்றுக்கும் விடைகள் ஒரே காலத்தில் தோன்றவில்லை.

1. கட்டுப்பாட்டின் வழி: கான்வேயின் கோரூட்டீன்

காலத்தால் முற்பட்டது மூன்றாம் வினாவே. 1950களின் பிற்பகுதியில் நியூவெல், ஷா, சைமன் ஆகியோர் உருவாக்கிய ஐ.பி.எல். மொழிகளிலேயே ஜெனரேட்டர் என்னும் பெயர் காணப்படுகிறது. ஆனால் அங்கு அது, ஒரு பட்டியலின் ஒவ்வோர் உறுப்பின் மீதும் கொடுக்கப்பட்ட பணியைச் செலுத்தும் துணைநிரலையே குறித்தது. ஓட்டத்தின் உரிமை ஆக்குபவரிடமே இருந்தது. நுகர்பவர் அழைக்கப்படும்போது மட்டும் இயங்கினார்.

இவ்வுறவைச் சமநிலைப்படுத்தியவர் மெல்வின் கான்வே. கோபால் மொழிக்கான நிரல்பெயர்ப்பியின் வடிவமைப்பை விளக்கி 1963இல் அவர் வெளியிட்ட கட்டுரை, கோரூட்டீன் என்னும் கருத்தைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. அக்கால நிரல்பெயர்ப்பிகள் பல கட்டங்களாக இயங்கின. ஒரு கட்டம் தன் விளைவு முழுவதையும் நாடாவில் எழுதும். அடுத்த கட்டம் அதனைத் தொடக்கத்திலிருந்து படிக்கும். கான்வே இக்கட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டாமல், ஒன்றுக்கொன்று எதிரெதிரே நிறுத்தினார். ஒரு கட்டம் ஒரு குறியீட்டை ஆக்கியதும் தன் ஓட்டத்தை நிறுத்தி அடுத்த கட்டத்திற்குக் கட்டுப்பாட்டைக் கொடுக்கும். அக்கட்டம் மேலும் வேண்டும்போது முன்னது தான் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒவ்வொரு பகுதியும் தானே முதன்மை நிரல் என்றும் மற்றவை தன் துணைநிரல்கள் என்றும் கருதி எழுதப்படலாம் என்பதே இம்முறையின் சிறப்பு.

இங்குக் கவனிக்கத்தக்க கூறு ஒன்று உண்டு. கோரூட்டீன் வழங்கும் மதிப்பு கைமாறியவுடன் வழங்கியவரிடம் இருப்பதில்லை. தொடர் ஒருமுறை மட்டுமே ஓடுகிறது; பின்னோக்கிச் செல்ல இயலாது. நாடாவைத் தவிர்ப்பதே நோக்கம் ஆதலின் இக்குறை அங்குக் குறையாகத் தோன்றவில்லை.

2. தள்ளிவைப்பின் வழி: லாண்டினின் ஓடை

முதல் வினாவுக்கான விடை அல்கால் 60 மொழியைச் சுற்றி உருவாயிற்று. அம்மொழியில் பெயர்வழி அழைப்பு என்னும் முறை இருந்தது. செயற்கூறுக்குக் கொடுக்கப்படும் உள்ளீடு உடனே மதிப்பிடப்படாமல், செயற்கூறின் உடலுக்குள் பயன்படும்போதெல்லாம் மதிப்பிடப்படும். இதனை நடைமுறைப்படுத்த, உள்ளீட்டுக் கோவையை உள்ளீடற்ற சிறு துணைநிரலாகச் சுருட்டிக் கொடுக்கும் உத்தியை பீட்டர் இங்கர்மன் 1961இல் வெளியிட்டார். தங்க் என்று அவர் அதற்கு இட்ட பெயர் இன்றளவும் நிலைத்துள்ளது.

பீட்டர் லாண்டின், அல்கால் 60 மொழியின் கூறுகளை லாம்டா குறியீட்டில் விளக்கி 1965இல் இரு பகுதிகளாக வெளியிட்ட கட்டுரையில், இவ்வுத்தியைத் தொடர்களுக்கு விரித்தார். அல்காலின் சுழல் கூற்றில், சுழல் மாறி ஏற்கவேண்டிய மதிப்புகள் ஒரு பட்டியலாகத் தரப்படும். ஆனால் அப்பட்டியலின் கோவைகள் சுழல் தொடங்குமுன் ஒட்டுமொத்தமாக மதிப்பிடப்படுவதில்லை. சுழலின் உடல் ஒவ்வொரு முறை ஓடி முடிந்தபின்னரே அடுத்த மதிப்பு கணக்கிடப்படுகிறது. இடையில் உடல் மாற்றிய மாறிகள் அக்கணக்கைப் பாதிக்கவும் கூடும். சாதாரணப் பட்டியலால் இதனை விளக்க முடியாது. ஆகவே, வால் பகுதியை உள்ளீடற்ற செயற்கூறாக மறைத்துவைத்த பட்டியலை லாண்டின் கையாண்டு, அதற்கு ஓடை எனப் பொருள்படும் பெயரிட்டார்.

அக்கட்டுரையில் அவர் தெரிவித்த கருத்து ஒன்று இவ்வாய்வுக்கு இன்றியமையாதது. ஓர் ஓடையை வேறோர் ஓடையாக மாற்றும் செயற்கூறுகள், கான்வே கூறிய கோரூட்டீன்களுக்கு இணையான செயற்கூறுவழி வடிவமாகத் தோன்றுகின்றன என்பதே அது. கட்டுப்பாட்டின் வழியாகத் தோன்றிய கருத்தும் தள்ளிவைப்பின் வழியாகத் தோன்றிய கருத்தும் கான்வேயின் கட்டுரைக்கு இரண்டே ஆண்டுகளில் ஒன்றன் முகத்தை மற்றொன்று கண்டுகொண்டன. ஆயினும் இவ்விணைமை முழுமையானதன்று. லாண்டினின் ஓடையை இருமுறை கேட்டால் இருமுறை கணக்கிடும். கான்வேயின் கோரூட்டீனை இருமுறை கேட்டால் அடுத்த உறுப்பே கிடைக்கும். ஆக்குபவர் பக்க விளைவுகளற்றவராகவும் நுகர்பவர் ஒருமுறை மட்டுமே படிப்பவராகவும் இருந்தாலன்றி இவ்விரண்டும் ஒன்றாகா.

3. நினைவின் வழி: 1971 முதல் 1976 வரை

இரண்டாம் வினாவாகிய நினைவிருத்தல், முதலில் திறன் பற்றிய வினாவாகவே எழுந்தது. பெயர்வழி அழைப்பில் ஒரே கோவை பலமுறை மதிப்பிடப்படுவது வீண் உழைப்பு. கிறிஸ்டோபர் வாட்ஸ்வர்த் 1971இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்திற்கு அளித்த முனைவர்பட்ட ஆய்வேட்டில், லாம்டா கோவைகளை மரமாகக் கருதாமல் வரைபடமாகக் கருதினார். ஒரு கோவை பல இடங்களில் பயன்படுமாயின் அவ்விடங்கள் அனைத்தும் ஒரே முனையைச் சுட்டும். அம்முனை ஒருமுறை சுருக்கப்பட்டால் அதன் பயன் அனைத்து இடங்களுக்கும் உரியதாகும். தேவைவழி அழைப்பு என்னும் கருத்து இவ்வாறு உருப்பெற்றது.

1976ஆம் ஆண்டில் இக்கருத்து தரவமைப்புகளுக்குள் புகுந்தது. டேனியல் ஃபிரீட்மனும் டேவிட் வைஸும், லிஸ்ப் மொழியில் பட்டியலை உருவாக்கும் கான்ஸ் என்னும் அடிப்படைச் செயற்கூறு தன் உள்ளீடுகளை மதிப்பிடலாகாது என்று தலைப்பிலேயே வலியுறுத்திய கட்டுரையை வெளியிட்டனர். கான்ஸ் தன் இரு பகுதிகளையும் நிறுத்திவைக்கப்பட்ட கணக்குகளாகவே சேமிக்கும். தலையையோ வாலையோ கேட்கும்போது அக்கணக்கு நிறைவேறி, அதன் விடை பழைய இடத்திலேயே எழுதப்படும். அதே ஆண்டில் பீட்டர் ஹென்டர்சனும் ஜேம்ஸ் மோரிஸும் வெளியிட்ட கட்டுரை, சோம்பல் என்னும் அடைமொழியைத் தலைப்பில் தாங்கியிருந்தது. டேவிட் டர்னரின் சாசல் மொழியும் அவ்வாண்டில் இம்முறைக்கு மாறியது. அதன் வழித்தோன்றலான மிராண்டா 1985இல் வெளிவந்தது. 1987இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் கூடிய ஆய்வாளர்கள், சிதறிக்கிடந்த சோம்பல் மொழிகளுக்குப் பொதுமொழி ஒன்று வேண்டும் எனத் தீர்மானித்ததன் பயனாக, 1990இல் ஹாஸ்கெல் மொழியின் முதல் அறிக்கை வெளியாயிற்று.

நினைவிருத்தல் வெறும் வேக உத்தி அன்று என்பதை ஃபிபனாச்சித் தொடர் காட்டும். அத்தொடரை, அத்தொடரையும் அதன் வாலையும் உறுப்புக்கு உறுப்பு கூட்டி வரும் தொடர் எனத் தன்னையே கொண்டு வரையறுக்கலாம். விடைகள் நினைவில் இருத்தப்பட்டால் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு கூட்டல் போதும். இருத்தப்படாவிடில் கூட்டல்களின் எண்ணிக்கை அடுக்குக்குறி முறையில் பெருகும். பெறப்படும் மதிப்புகள் இரண்டிலும் ஒன்றே. ஆயினும் ஒன்று பயன்படும் நிரல், மற்றொன்று பயன்படாத நிரல்.

நினைவுக்கு விலையும் உண்டு. தொடரின் தலையை ஏதேனும் ஒரு மாறி பற்றிக்கொண்டிருந்தால், அதன்பின் கணக்கிடப்பட்ட உறுப்புகள் எவையும் நினைவகத்திலிருந்து விடுவிக்கப்படமாட்டா. நினைவகக் கசிவு என்னும் இவ்வகை இடர்ப்பாடுகளுள் சிலவற்றைக் குப்பை சேகரிப்பின் வழியாகவே களையும் முறையை பிலிப் வாட்லர் 1987இல் முன்வைத்தார். பின்னாளில் தோன்றிய குளோஷர் மொழியின் பயனர்களுக்கும் தலையைப் பற்றிக்கொள்ளாதே என்பது தொடர்ந்து கூறப்படும் அறிவுரையாக உள்ளது.

4. கூறுபடுத்தலும் அதன் எல்லையும்

தேவைவழித் தொடர்களுக்கு ஏன் இத்துணை முதன்மை என்னும் வினாவுக்கு ஜான் ஹியூஸ் விடை கூறினார். செயற்கூறுவழி நிரலாக்கத்தின் இன்றியமையாமை குறித்து 1989இல் அச்சேறிய அவருடைய கட்டுரை, சோம்பல் மதிப்பீட்டை நிரற்கூறுகளை ஒட்டும் பசையாகக் கண்டது. வர்க்கமூலம் காணும் நியூட்டன்–ராஃப்சன் முறையில், தோராய மதிப்புகளை முடிவின்றி ஆக்கும் பகுதி ஒன்று. போதிய துல்லியம் கிட்டியதும் நிறுத்தும் பகுதி மற்றொன்று. இவ்விரண்டையும் தனித்தனியே எழுதிப் பிறகு இணைக்க இயலும் என்பது அவர் காட்டிய சான்று. ஆக்கும் பகுதியையும் தேர்ந்தெடுக்கும் பகுதியையும் பிரிப்பது என்னும் இவ்விலக்கு, நிரல்பெயர்ப்பியின் கட்டங்களைப் பிரித்தெழுதிய கான்வேயின் இலக்கோடு ஒத்தது. வழி மட்டுமே வேறு.

ஆனால் ஆக்கும் பகுதி வெளியுலகத்தோடு தொடர்புகொள்ளும்போது இப்பிரிப்பு தளர்கிறது. ஹாஸ்கெலில் ஒரு கோப்பின் உள்ளடக்கத்தைச் சோம்பல் தொடராகப் பெறும் வசதி உண்டு. கோப்பைத் திறந்து, உள்ளடக்கத்தைப் பெற்று, கோப்பை மூடிவிட்டு, பின்னர் உள்ளடக்கத்தைப் பயன்படுத்துமாறு நிரல் எழுதினால், வாசிப்பு உண்மையில் தொடங்குவதற்கு முன்னரே கோப்பு மூடப்பட்டிருக்கும். எழுதியவரின் கண்ணுக்கு நிரல் வரிசை பிழையற்றதாகவே தோன்றும். எப்போது கணக்கிடப்படும் என்பதை மறைப்பது தூய கணக்குகளில் நன்மை. எப்போது என்பதே பொருளாக அமையும் இடங்களில் தீமை.

இதனை முன்னிட்டு ஒலெக் கிசெல்யோவ், சைமன் பேட்டன் ஜோன்ஸ், அம்ர் சாப்ரி ஆகியோர் 2012இல் சோம்பலையும் யீல்டு என்னும் கட்டளையையும் எதிரெதிரே நிறுத்தி ஒரு கட்டுரை எழுதினர். நிரலுரையை அழகுற அச்சிடும் சிக்கலைக் களமாகக் கொண்டு, ஜெனரேட்டர்களும் சோம்பலைப் போலவே கூறுபடுத்தலைத் தரவல்லவை என்றும், பக்க விளைவுகளோடும் அவை இசைந்து இயங்கும் என்றும் அவர்கள் காட்டினர். ஹாஸ்கெலை வடிவமைத்தவர்களுள் ஒருவரே இக்கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவர் என்பது வரலாற்று நோக்கில் குறிப்பிடத்தக்கது.

5. கண்டிப்பான மொழிகளில் சோம்பல்: ஒற்றையும் இரட்டையும்

ஸ்கீம், எம்.எல். போன்ற மொழிகள் உள்ளீடுகளை உடனடியாக மதிப்பிடும் கண்டிப்பான மொழிகள். அவற்றில் தேவைவழித் தொடர் மொழியின் இயல்பன்று. நிரலர் அமைத்துக்கொள்ள வேண்டியது. ஏபெல்சன், சஸ்மன் ஆகியோர் 1985இல் வெளியிட்ட கணினி நிரல்களின் கட்டமைப்பு பற்றிய பாடநூல், ஸ்கீம் மொழியில் ஓடைகளை விரிவாகக் கற்பித்தது. அந்நூலின் ஓடையில் வால் மட்டுமே தள்ளிவைக்கப்படும்; தலை உடனே கணக்கிடப்படும்.

இச்சிறு வேறுபாட்டின் விளைவை வாட்லர், தாஹா, மெக்குயின் ஆகிய மூவரும் 1998இல் ஆராய்ந்தனர். அவர்கள் இவ்வடிவத்தை ஒற்றை என்றும், தலை உட்பட முழுத் தொடரையும் தள்ளிவைக்கும் வடிவத்தை இரட்டை என்றும் அழைத்தனர். 3, 2, 1, 0 என இறங்கும் தொடரை எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் உறுப்பாலும் 60-ஐ வகுத்துவரும் தொடரை அமைப்போம். முதல் மூன்று உறுப்புகள் மட்டும் வேண்டும் எனக் கேட்டால் 20, 30, 60 என்னும் விடை கிடைக்கவேண்டும். இரட்டை வடிவம் அவ்வாறே தரும். ஒற்றை வடிவத்திலோ, மூன்றாம் உறுப்பை எடுத்தபின் எஞ்சிய தொடரைக் கையில் வாங்கும்போதே அதன் தலை கணக்கிடப்பட்டுவிடும். 60-ஐ 0-ஆல் வகுக்க நேர்ந்து நிரல் பிழையில் முடியும். கேட்காத உறுப்பு கேட்ட உறுப்புகளையும் அழித்துவிடுகிறது. எண்ணிக்கையில் ஒன்றே மிகுதி. எனினும் தேவைவழி என்னும் பெயரின் பொருளே அங்குப் பொய்த்துவிடுகிறது.

இத்தகைய மிகைக்கணிப்பு வேண்டுமென்றே மேற்கொள்ளப்படுவதும் உண்டு. குளோஷர் மொழி வேகம் கருதித் தன் தொடர்களுள் பலவற்றை 32 உறுப்புகள் கொண்ட தொகுதிகளாகக் கணக்கிடுகிறது. தூய கணக்கில் இது தீங்கற்றது. ஓர் உறுப்பைப் பெறுவது வெளியுலகில் ஒரு செயலை நிகழ்த்துவதாக இருப்பின், ஒன்று கேட்டவருக்கு 32 செயல்கள் நிகழ்ந்துவிடக்கூடும்.

6. ஜெனரேட்டரின் மறுவருகை

கான்வேயின் வழி 1970களில் இரு மொழிகளில் புதுவடிவம் பெற்றது. எம்.ஐ.டி.யில் பார்பரா லிஸ்கோவ் தலைமையில் உருவான குளூ மொழி, யீல்டு என்னும் கட்டளையோடு கூடிய இட்டரேட்டர்களைத் தந்தது. அவை சுழல் கூற்றுக்குள் மட்டுமே இயங்கும் என வரையறுத்தமையால் ஒரே அடுக்கில் அவற்றை எளிதாக நடைமுறைப்படுத்த முடிந்தது. அரிசோனா பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் கிரிஸ்வோல்டு உருவாக்கிய ஐகான் மொழி, எந்தக் கோவையும் பல விடைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தரலாம் என விரித்தது. ஐகானின் தாக்கத்தைத் தன் முன்மொழிவிலேயே சுட்டி, பைத்தான் 2001இல் தன் 2.2 பதிப்பில் ஜெனரேட்டர்களை ஏற்றது. செயற்கூறுவழி மொழிகள் இக்கருத்தைப் பைத்தானிடமிருந்து பெற்றன என்னும் பரவலான எண்ணம் காலவரிசைக்குப் பொருந்தாது. பைத்தானின் தொடர்க்கருவித் தொகுப்பு, ஹாஸ்கெல், எஸ்.எம்.எல். ஆகிய மொழிகளிடமிருந்து தான் ஊக்கம் பெற்றதாகத் தன் ஆவணத்திலேயே கூறுகிறது.

ஜெனரேட்டரின் வலிமையையும் எல்லையையும் அறிய, லிஸ்ப் வட்டாரத்தில் நன்கறியப்பட்ட சிக்கல் ஒன்று உதவும். வடிவில் வேறுபட்ட இரு மரங்களின் இலைகள் ஒரே வரிசையில் அமைந்துள்ளனவா என்று காணவேண்டும். இலைகளைப் பட்டியலாக்கி ஒப்பிட்டால், முதல் இலையிலேயே வேறுபட்ட மரங்களுக்கும் முழு உழைப்பு வீணாகும். ஒவ்வொரு மரத்திற்கும் ஓர் ஆக்குபவரை அமைத்து, இருவரிடமும் மாறிமாறி ஒவ்வோர் இலையாகக் கேட்பதே முறை. குளூவின் இட்டரேட்டர்கள் சுழலுக்குள் கட்டுண்டவை ஆதலின் இரண்டை இவ்வாறு இணையாக ஓட்ட இயலாது. பைத்தானில் இயலும், ஆனால் யீல்டு தன் சட்டகத்தை மட்டுமே நிறுத்தும் ஆதலின், மரத்தின் ஆழத்தில் பெற்ற இலையை ஒவ்வொரு நிலையும் மீண்டும் மேலே வழங்கவேண்டும். இதனை எளிமையாக்கும் தொடரியல் 2012இல் 3.3 பதிப்பில்தான் வந்தது. சோம்பல் தொடரில் இச்சிக்கல் மிக இயல்பாகத் தீரும். இலைகளைப் பட்டியலாக்கும் எளிய நிரலே போதும், கேட்ட அளவுக்கே அது இயங்கும்.

ஸ்கீம் மொழியில் மற்றொரு வழி இருந்தது. நிரலின் எஞ்சிய ஓட்டத்தையே ஒரு மதிப்பாகப் பிடித்துக்கொள்ளும் தொடர்ச்சி என்னும் கருவியைக் கொண்டு கோரூட்டீன்களை அமைக்கும் முறையை ஹேய்ன்ஸ், ஃபிரீட்மன், வாண்டு ஆகியோர் 1984இல் விளக்கினர். கான்ஸ் பற்றிய 1976ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியரான ஃபிரீட்மனே இங்கும் இடம்பெறுவது, இரு வழிகளும் ஒரே ஆய்வுச் சூழலில் வளர்ந்தமையைக் காட்டும்.

7. ஓகேமல்: மூன்றும் ஓரிடத்தில்

ஓகேமல் மொழியின் அண்மைக்கால வளர்ச்சி இவ்வரலாற்றைச் சுருக்கமாகத் திரும்ப நிகழ்த்துகிறது. 2018இல் வெளிவந்த 4.07 பதிப்பு தொடர்களுக்கான பொதுத் தொகுப்பு ஒன்றைச் சேர்த்தது. அதில் ஒரு தொடர் என்பது உள்ளீடற்ற செயற்கூறு; அதனை அழைத்தால் தொடர் முடிந்தது என்னும் விடையோ, ஒரு தலையும் மற்றொரு தொடரும் கொண்ட விடையோ கிடைக்கும். இது தன் சாரத்தில் லாண்டினின் தள்ளிவைப்பே. தலையையும் சேர்த்துத் தள்ளிவைப்பதால் இரட்டை வடிவமும் ஆகும். நினைவு இதில் இல்லை. 2022இல் வந்த 4.14 பதிப்பு இத்தொகுப்பைப் பெரிதும் விரித்தது. விடைகளை நினைவில் இருத்தும் செயற்கூறு ஒன்றும், இரண்டாம் முறை கேட்டால் பிழை எழுப்பும் செயற்கூறு ஒன்றும், அழைக்கும்தோறும் அடுத்த உறுப்பை வழங்கும் வடிவத்திற்கும் தொடருக்கும் இடையே மாற்றித்தரும் செயற்கூறுகளும் அதில் இடம்பெற்றன. நிலைத்த தொடர், ஒருமுறைக்கே உரிய தொடர் என்னும் வேறுபாட்டை அதன் ஆவணம் வெளிப்படையாகப் பேசுகிறது. எனினும் அவ்வேறுபாடு தரவினத்தில் வெளிப்படுவதில்லை. நிரலரின் கவனத்திற்கே விடப்பட்டுள்ளது.

அதே ஆண்டு இறுதியில் வந்த 5.0 பதிப்பு விளைவுக் கையாளிகளைக் கொணர்ந்தது. பிளாட்கின், பிரெட்னார் ஆகியோர் 2009இல் கோட்பாட்டளவில் வகுத்த இக்கருவியை, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள ஒரு மொழியில் பொருத்தும் முறையை விளக்கி 2021இல் வெளியான கட்டுரையின் முதலாசிரியர், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் கே.சி. சிவராமகிருஷ்ணன். இக்கருவியைக் கொண்டு, ஒவ்வோர் உறுப்பின் மீதும் ஒரு பணியைச் செலுத்தும் சாதாரணச் செயற்கூறை ஒரு எழுத்தும் மாற்றாமல் ஜெனரேட்டராக ஆக்கலாம். மரத்தின் எந்த ஆழத்திலிருந்தும் ஓட்டத்தை நிறுத்தி இலையை வழங்கலாம். இடையிலுள்ள நிலைகள் அதனை அறியவேண்டியதில்லை. ஐ.பி.எல். காலத்து ஜெனரேட்டரைக் கான்வேயின் கோரூட்டீனாக மாற்றும் பாலமாக இதனைக் கருதலாம்.

இங்கும் நினைவு பற்றிய வினா திரும்ப எழுகிறது. ஓகேமலின் தொடர்ச்சிகள் ஒருமுறை மட்டுமே மீட்டியக்கத்தக்கவை. மறுமுறை இயக்க முயன்றால் பிழை எழும். ஆகவே இவ்வழியில் பெற்ற ஜெனரேட்டரை நிலைத்த தொடராக எண்ணிப் பயன்படுத்த வேண்டுமாயின், நினைவிருத்தும் செயற்கூறால் அதனைச் சூழ்ந்தாக வேண்டும். கட்டுப்பாடு ஓரிடத்திலிருந்தும், தள்ளிவைப்பு வேறோரிடத்திலிருந்தும், நினைவு மற்றோரிடத்திலிருந்தும் எடுக்கப்பட்டு நிரலராலேயே இணைக்கப்படுகின்றன.

8. மூவகைப் பாகுபாடு

மேற்கண்ட வரலாற்றின் அடிப்படையில் தேவைவழித் தொடர்களை மூவகையாகப் பகுக்கலாம். கேட்கும்தோறும் புதிதாகக் கணக்கிடுவதை மீள்கணிப்புத் தொடர் எனலாம். லாண்டினின் ஓடை, ஓகேமலின் அடிப்படைத் தொடர், எஃப் ஷார்ப் மொழியின் தொடர்க் கோவை ஆகியன இவ்வகையின. ஒருமுறை கணக்கிட்டதைப் பேணிவைப்பதை நினைவுத் தொடர் எனலாம். ஃபிரீட்மன்–வைஸ் கான்ஸ், ஹாஸ்கெலின் பட்டியல், நினைவோடு அமைந்த ஸ்கீம் ஓடை ஆகியன இவ்வகையின. ஒருமுறை மட்டுமே படிக்கத்தக்கதை ஒருவழித் தொடர் எனலாம்; கான்வேயின் கோரூட்டீன், பைத்தானின் ஜெனரேட்டர் ஆகியன இவ்வகையின.

இவ்வேறுபாடு செயலாக்க நுணுக்கமே அன்றிப் பொருள் வேறுபாடு அன்று என ஒருவர் மறுக்கலாம். பக்க விளைவற்ற மொழியில் மீள்கணிப்புத் தொடரும் நினைவுத் தொடரும் ஒரே மதிப்புகளையே தரும் என்பது உண்மை. எனினும் காலமும் நினைவகமும் அங்கும் வேறுபடும் என்பதற்கு ஃபிபனாச்சித் தொடரும் நினைவகக் கசிவும் சான்று. ஒருவழித் தொடரிலோ மதிப்பே வேறுபடும். பைத்தானில் ஒரு ஜெனரேட்டரின் உறுப்புகளைக் கூட்டித் தொகை கண்டபின், அதே ஜெனரேட்டரில் உறுப்புகளை எண்ணினால் 0 என்னும் விடை எவ்விதப் பிழைச் செய்தியுமின்றிக் கிடைக்கும். சராசரி காணப் புகுந்த மாணவர் இவ்விடத்தில் தடுமாறுவது அவர் கவனக்குறைவால் மட்டும் அன்று. அவருக்குக் கற்பிக்கப்பட்ட சொல் இவ்வேறுபாட்டைச் சுட்டாமையாலும் ஆகும்.

சோம்பல் என்னும் மொழிபெயர்ப்பு பற்றியும் இங்கே கூறவேண்டும். மூலச்சொல் 1976இல் சற்றே நகைச்சுவையோடு அமைந்தது. தமிழில் அச்சொல் மடியைக் குறித்துப் பழிப்புப் பொருளையே முதன்மையாகத் தருகிறது. அதனோடு, தள்ளிவைப்பை மட்டுமே உணர்த்தி நினைவையும் கட்டுப்பாட்டையும் மறைக்கிறது. தேவைவழி என்னும் சொல்லைப் பொதுப்பெயராகவும், மேற்கூறிய மூன்றையும் அதன் வகைப்பெயர்களாகவும் கொள்வது கற்பித்தலுக்குத் துணைபுரியும்.

முடிவுரை

நிரல்பெயர்ப்பியின் கட்டங்களுக்கு இடையிலிருந்த நாடாவை நீக்க எழுந்த கோரூட்டீன், அல்காலின் சுழல் கூற்றை விளக்க எழுந்த ஓடை, லாம்டா கோவைகளை வீணின்றிச் சுருக்க எழுந்த வரைபட முறை ஆகிய மூன்றும் வெவ்வேறு தேவைகளின் விளைவுகள். முதலிரண்டின் ஒப்புமையை லாண்டின் 1965இலேயே கண்டார். ஓகேமல் 2022இல் மூன்றையும் தனித்தனிக் கருவிகளாகத் தந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் வழிகளையும் வகுத்தது. இவற்றுக்கு இடைப்பட்ட காலத்தின் இடர்ப்பாடுகளான நினைவகக் கசிவு, கோப்பு மூடிய பின் வாசிப்பு, ஒற்றை வடிவத்தின் மிகைக்கணிப்பு, ஒருமுறையோடு தீர்ந்துபோகும் ஜெனரேட்டர் ஆகியன, மூன்று கருத்துகளுள் ஒன்றை மற்றொன்றாகக் கொண்டமையால் நேர்ந்தவை என இக்கட்டுரை கருதுகிறது.

எனவே ஒரு மொழியில் தேவைவழித் தொடரை அமைக்கப் புகுபவரும், அதனைக் கற்பிக்கப் புகுபவரும் முதலில் கேட்கவேண்டியவை மூன்று: எந்தப் பகுதி தள்ளிவைக்கப்படுகிறது, விடை எங்கே எவ்வளவு காலம் இருத்தப்படுகிறது, இரண்டாம் முறை கேட்டால் என்ன நிகழும். இவற்றுள் மூன்றாவது வினாவுக்கான விடையைத் தரவினத்தின் வழியாகவே உறுதிசெய்வது மொழி வடிவமைப்பாளர்முன் உள்ள பணி. அவ்விடையைக் குழப்பமின்றிச் சொல்லத்தக்க கலைச்சொற்களை நிலைபெறச் செய்வது தமிழில் கணினியியல் எழுதுவோர்முன் உள்ள பணி.